தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

'அடைக்கலம்' என்பது தமிழ்க் கத்தோலிக்கர் நெஞ்சுக்கு மிக நெருங்கிய சொல். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிய வீரமாமுனிவர், அங்கே அன்னை மரியாவை அடைக்கல மாதாவாகப் போற்றிப் பாடினார். வீடிழந்தோர், கணவனால் துரத்தப்பட்ட பெண்கள், மனநலம் குன்றியோர், பெற்றோரற்ற சிறார் ஆகியோருக்காகத் திருச்சபை நடத்தும் இல்லங்களையும் நாம் இச்சொல்லாலேயே சுட்டுகிறோம். சொல் இனியது. ஆனால் வாயிலில் எழுதி வைப்பதனால் மட்டும் ஒரு வீடு அடைக்கலம் ஆகிவிடுமா?

இக்கேள்வியை அண்மை ஆண்டுகளில் மிகக் கூர்மையாக எழுப்பிய இலக்கியம், அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகன் 2021-இல் வெளியிட்ட 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்னும் குறுநாவல். ஓர் இரவில் படித்து முடித்துவிடக்கூடிய சிறு நூல். 2022-இல் அரசியல் புனைகதைக்கான ஆர்வெல் பரிசைப் பெற்றது; அதே ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2024-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. "இது கன்னியர் மடங்களைத் தாக்கும் நூல், விசுவாசிகள் இதைப் படிப்பதனால் என்ன பயன்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இதைப் படிக்க வேண்டியவர்களே விசுவாசிகள்தாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரை.

கதை

1985-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாட்கள். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து நியூ ராஸ் நகரில் பில் ஃபர்லாங் என்பவர் நிலக்கரியும் விறகும் விற்று வாழ்கிறார். மனைவி, ஐந்து பெண் மக்கள், அளவான வருவாய். அவர் திருமணமாகாத ஒரு பணிப்பெண்ணுக்குப் பிறந்தவர். தாயின் எசமானியான வில்சன் அம்மையார், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கைம்பெண். அவர் அந்தத் தாயை வீட்டைவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டதனால்தான் ஃபர்லாங் மனிதராக வளர முடிந்தது.

நகருக்கு மேலே நல்லாயன் சபைக் கன்னியர் மடமும், அதன் பொறுப்பில் ஒரு சலவையகமும் உள்ளன. உணவு விடுதிகள், மருத்துவமனை, வசதி படைத்தோர் வீடுகள், குருக்களின் இல்லங்கள் என எல்லா இடத்திலிருந்தும் துணிகள் அங்கே போகின்றன. புத்தம் புதியனபோல் வெளுத்துத் திரும்புகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்கள் யார் என்று நகரத்தார் தாழ்ந்த குரலில் பலவாறு பேசிக்கொள்கின்றனர். உரக்கக் கேட்பவர் எவருமில்லை.

நிலக்கரி கொண்டுபோகும் ஃபர்லாங் ஒருநாள் சிற்றாலயத்தில் இளம்பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்ப்பதைக் காண்கிறார். அவர்களுள் ஒருத்தி, தன்னை ஆற்றங்கரை வரையேனும் அழைத்துச் செல்லும்படி கெஞ்சுகிறாள். அவள் விரும்புவது ஆற்றில் விழுந்து மாய்வதை. மற்றொரு நாள் விடியுமுன் அவர் கரிக்கிடங்கின் தாழை நீக்குகிறார். உள்ளே, இரவெல்லாம் குளிரில் அடைபட்டுக் கிடந்த ஒரு பெண். அவள் முதலில் கேட்பது தன் கைக்குழந்தையைப் பற்றி. மடத்தின் தலைவி அவருக்குத் தேநீரும் பணியாரமும் தந்து, இனிமையாகப் பேசி, உறையில் பணம் வைத்துக் கொடுத்து அனுப்புகிறார். அவரும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். குடும்பத்தோடு திருப்பலிக்கும் செல்கிறார். ஆனால் நெஞ்சு ஆறவில்லை. விழாவுக்கு முந்திய மாலை மீண்டும் மலையேறுகிறார். அதே கிடங்கில் அதே பெண். வெறுங்காலோடு நிற்கும் அவளைத் தாங்கிப் பிடித்தபடி நகரத்தின் தெருக்கள் வழியே தம் இல்லம் நோக்கி நடக்கிறார். கதை அங்கே முடிகிறது.

கதைக்குப் பின்னுள்ள வரலாறு

இது வெறும் கற்பனையன்று. பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களுக்கெனத் தொடங்கிய மக்தலேன் இல்லங்கள், அயர்லாந்தில் 1760-களிலேயே தோன்றிவிட்டன. முதலில் நிறுவியவர் கத்தோலிக்கர் அல்லர். ஆரபெல்லா டென்னி என்னும் சீர்திருத்தச் சபைச் சீமாட்டி. பின்னர் நான்கு பெண் துறவற சபைகள் இப்பணியை ஏற்றன. அவற்றுள் ஒன்றின் பெயரிலேயே அடைக்கலம் என்னும் சொல் இருந்தது: 'அடைக்கலத்தின் அன்பு அன்னை' சபை. 1641-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் புனித யோவான் யூட்ஸ் தொடங்கிய சபை அது. போக்கிடமற்ற பெண்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்ற அவரது நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை.

ஆனால் காலப்போக்கில் அவ்வீடுகள் வேறாயின. திருமணமாகாமல் கருவுற்றவர்கள், சிறுவர் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள், குடும்பத்துக்குச் சுமையெனக் கருதப்பட்டவர்கள் எனப் பலரும் அங்கே சேர்க்கப்பட்டனர். ஊதியமின்றித் துணி வெளுத்தனர். 1993-இல் டப்ளினின் ஹை பார்க் மடத்து நிலத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டபோது, அங்கிருந்த கல்லறைகளிலிருந்து 155 பெண்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர்களில் பலருக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை. சிலருடைய இயற்பெயரும் தெரியவில்லை. கடைசிச் சலவையகம் 1996 அக்டோபரில் மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் மார்ட்டின் மெக்கலீஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1922 முதல் 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் இவ்வீடுகளுக்குள் சென்றனர் என்றும், சேர்க்கைகளில் 26.5 விழுக்காட்டில் அரசின் கை இருந்தது என்றும் அது கூறிற்று. அதே மாதம் 19-ஆம் நாள் பிரதமர் எண்டா கென்னி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பின்னர் வகுக்கப்பட்ட இழப்பீட்டுத் திட்டத்துக்குப் பணம் வழங்க அந்நான்கு சபைகளும் முன்வரவில்லை.

நேர்மை கருதி மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். தங்கிய காலம் தெரிந்தவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் வெளியேறினர் என்றும், சலவையகங்கள் பெரும் இலாபம் ஈட்டியவை அல்ல என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. அங்கே வாழ்ந்த பெண்களுக்காகக் குரல் கொடுப்போர் இவற்றை மறுத்துரைக்கின்றனர். எண்கள் எவ்வாறாயினும் அடிப்படை மாறவில்லை. தான் ஏன் கொண்டுவரப்பட்டோம், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று அறியாத ஒரு சிறுமிக்கு ஏழு மாதமும் எழுபது ஆண்டும் ஒன்றே. முடிவு தெரியாத காத்திருப்புக்கு நாட்கணக்கு ஆறுதல் தராது.

நூலின் சிறப்பு

இவ்வளவு துயரம் நிறைந்த வரலாற்றைக் கையிலெடுக்கும் எழுத்தாளர் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வார். சலவையகத்தின் உள்ளே சென்று அங்கு நிகழும் கொடுமைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவது ஒன்று. பீட்டர் முல்லன் இயக்கி 2002-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற 'தி மக்தலேன் சிஸ்டர்ஸ்' அவ்வழியைத் தேர்ந்தது. குற்றவாளிகளைப் பெயர்சொல்லிச் சாடுவது மற்றொன்று. கீகன் இரண்டையும் விலக்குகிறார். அவர் மதிலுக்கு வெளியே நிற்கிறார். கரி விற்பவரின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே வாசகருக்கும் தெரிகிறது: பூட்டிய ஒரு கதவு, கண்ணாடிச் சில்லுகள் பதித்த மதில், பணம் கொடுக்க வெளியே வரும் சகோதரி தம் பின்னால் கதவைச் சாவிகொண்டு பூட்டும் ஒரு செயல். இவ்வளவுதான். ஆயினும் இவ்வளவே போதுமானதாயிருக்கிறது.

இதனால் விளையும் பயன் பெரிது. மதிலுக்குள் நிகழும் கொடுமையைக் காணும் வாசகர் "எத்தகைய கொடியவர்கள்!" என்று கூறித் தம்மை விடுவித்துக்கொள்ளலாம். மதிலுக்கு வெளியே நிற்கும் வாசகருக்கு அவ்வசதி இல்லை. அவர் நகரத்தாருள் ஒருவராகிவிடுகிறார். வாழ்க்கையில் முன்னேற வேண்டுமாயின் சிலவற்றைக் காணாதிருக்கக் கற்க வேண்டும் என்னும் பொருள்பட ஃபர்லாங்கின் மனைவி பேசுகிறார். கன்னியரைப் பகைத்துக்கொள்ளாதீர் என்று உணவு விடுதி நடத்தும் பெண்மணி அக்கறையோடு எச்சரிக்கிறார். ஃபர்லாங்கின் பெண்மக்கள் படிக்க வேண்டிய நல்ல பள்ளியும் அந்த மதிலை ஒட்டித்தானே இருக்கிறது! இவர்களில் எவரும் தீயவர் அல்லர். ஒவ்வொருவருக்கும் காக்க வேண்டிய குடும்பம் உண்டு. ஒரு நகரத்தின் மௌனம் இத்தகைய நல்லவர்களின் நியாயமான அச்சங்களால்தான் கட்டப்படுகிறது என்பதை ஆசிரியர் எவரையும் ஏசாமல் காட்டிவிடுகிறார். அந்த மௌனத்தின் விலைதான் வெளுத்த துணி.

ஃபர்லாங்கையும் அவர் வீரராக ஆக்கவில்லை. முதல்முறை அப்பெண்ணைக் கண்டபோது அவர் தேநீர் குடித்துவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்தவரே. அவளுடைய குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையே என்ற குத்தல்தான் அவரைத் திருப்பி அனுப்புகிறது. நல்ல சமாரியரின் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் விளக்கியிருக்கிறோம். அந்த உவமையில் குருவும் லேவியரும் ஒருமுறை விலகிச் சென்றனர், திரும்பி வரவில்லை. விலகிச் சென்ற ஒருவர் திரும்பி வந்தால் எவ்வாறிருக்கும் என்பதை இக்கதை காட்டுகிறது. மனமாற்றம் என்று நாம் மறையுரையில் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை அண்மைக் காலக் கதைகளில் நான் கண்டதில்லை.

காலப் பொருத்தம் பற்றி ஒரு குறை சொல்லப்படலாம். நியூ ராஸ் நகரில் உண்மையில் இயங்கிய சலவையகம் 1967-இலேயே மூடப்பட்டுவிட்டது. கதையோ 1985-இல் நிகழ்கிறது. ஆனால் அதே ஆண்டில் டப்ளினில் இத்தகைய வீடுகள் இயங்கிக்கொண்டிருந்தன. கதாசிரியர் இடத்தையும் காலத்தையும் இணைத்துக்கொண்டாரேயன்றி உண்மையைத் திரிக்கவில்லை.

நூலின் குறை

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மடத்தின் தலைவி தேநீர்க் கோப்பையோடு நம் முன் தோன்றும் சில பக்கங்கள் அருமையானவை. ஆயினும் அவர் உள்ளம் நமக்குத் திறக்கப்படவே இல்லை. அன்பின் பெயரால் துறவறம் ஏற்ற ஒரு பெண், எப்படிப் படிப்படியாகச் சாவிக்கொத்தைச் சுமப்பவராக மாறினார்? இக்கேள்வி இலக்கியத்துக்கும் உரியது, இறையியலுக்கும் உரியது. நூல் அதைத் தொடவில்லை. அதுபோன்றே, பங்குக்குரு ஒருவர் இக்கதையில் மனிதராக உருப்பெறவில்லை. பெண்களை இவ்வீடுகளுக்கு அனுப்பியோர் வரிசையில் குருக்களும் இருந்தனர் என்று மெக்கலீஸ் அறிக்கை தெரிவிக்கிறது. எனவே கதையில் காலியாக விடப்பட்ட அந்த இருக்கை, குருவாகிய வாசகனைச் சும்மா விடுவதில்லை.

இதனினும் பெரிய குறை, அடைபட்ட பெண்ணின் குரல் மிக மெலிந்து ஒலிப்பது. அவளை மீட்பவருக்குத் தாய் உண்டு, இளமை உண்டு, நினைவுகள் உண்டு. அவளுக்கோ சில வாக்கியங்களே. இவ்வகையில் பட்ரிசியா பர்க் புரோகன் எழுதி 1992-இல் மேடையேறிய 'எக்லிப்ஸ்டு' நாடகம் இதைவிட முன்னே செல்கிறது. இளமையில் துறவறப் பயிற்சியிலிருந்தபோது கால்வே நகரச் சலவையகத்தை நேரில் கண்டவர் அதன் ஆசிரியர். அவருடைய மேடையில் பெண்கள் தாமே பேசுகிறார்கள், பாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், கனவு காண்கிறார்கள். கீகனின் நூலைப் படிப்போர் அந்நாடகத்தையும் தேடிப் படித்தால் சித்திரம் முழுமை பெறும்.

ஆயினும் அச்சில வாக்கியங்களுள் ஒன்று, நூல் முழுவதற்கும் திறவுகோல். அவள் பெயர் என்னவென்று ஃபர்லாங் கேட்கிறார். மடத்தில் தன்னை எண்டா என்று அழைக்கிறார்கள் என்கிறாள். அது ஆண்பிள்ளைக்கு உரிய பெயராயிற்றே என்று அவர் வியக்கிறார். தன் சொந்தப் பெயர் சாரா என்கிறாள். ஃபர்லாங்குடைய தாயின் பெயரும் சாரா.

நற்செய்தியின் அளவுகோல்

இந்த இடத்தில் இலக்கியம் நம்மை விவிலியத்திடம் கொண்டு சேர்க்கிறது. யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் நல்ல ஆயரைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன. அவர் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைத்து வெளியே நடத்திச் செல்கிறார். அவரே வாயில், அவ்வாயில் வழியே நுழைவோர் உள்ளே போகவும் வெளியே வரவும் உரிமை பெற்றவர்கள். ஆட்டுப்பட்டி என்றவுடன் அடைத்து வைப்பதையே நாம் எண்ணுகிறோம். ஆண்டவரோ வெளியேறுவதையும் சேர்த்தே பேசுகிறார். நல்லாயன் என்னும் பெயரைத் தாங்கிய வீட்டில் பெயர் மாற்றப்பட்டது; வாயில் பூட்டப்பட்டது. இவ்விரு செயல்களும் நற்செய்திக்கு நேர் எதிரானவை. மக்தலேன் என்ற பெயரும் அப்படியே. மகதலா மரியா பாலியல் தொழில் செய்தவர் என்று நற்செய்தி எங்கும் கூறவில்லை. உயிர்த்த ஆண்டவரை அவர் அறிந்துகொண்டது, தம் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அந்த நொடியில்தான்.

எண்ணிக்கை நூல் 35-ஆம் அதிகாரம் ஆறு அடைக்கல நகர்களை ஏற்படுத்துகிறது. கைப்பிழையாகக் கொலை செய்தவர் அங்கே ஓடி உயிர்தப்பலாம். அந்நகர்களுக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது: தலைமைக்குரு இறந்தபின் அவர் தம் சொந்த நிலத்துக்குத் திரும்பலாம். கொலையாளிக்கே திரும்பும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்க, தாயானது மட்டுமே 'குற்றமாக' எண்ணப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்நாள் மறுக்கப்பட்டது எவ்வாறு?

நம் தமிழ் மரபும் இதில் வாயடைத்து நிற்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதற்கு மாதரி எவ்வகையிலும் காரணம் அல்லள். ஆயினும் அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேனே என்று தீயில் புகுந்தாள் என்று நீர்ப்படைக் காதை பின்னர் தெரிவிக்கிறது. அவள் தேர்ந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை. அதன் உள்ளே இருக்கும் அறத்தை மறுப்பதற்குமில்லை. அடைக்கலம் கொடுத்தவரே கணக்குக் கொடுக்க வேண்டியவர். பெற்றவர் நன்றிக்கடன்பட்ட அடிமை அல்லர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஆணையில் இதையே சட்டமாக வகுத்தது: நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்புக்கொடைபோல் கொடுக்கலாகாது. நாளெல்லாம் துணி வெளுத்தவளுக்குக் கூலி நீதி; அதைக் கொடாமல் கொடுத்த உணவு அறம் ஆகாது.

இனி

இந்தச் சபைகளின் கதை சலவையகத்தோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்லாயன் சபையும் அடைக்கல அன்னை சபையும் இணைந்து 1989-இல் டப்ளினில் 'ருகாமா' என்னும் பணியைத் தொடங்கின. பாலியல் தொழிலில் சிக்கியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் இருக்கும் இடத்திலேயே துணைநிற்பது அதன் வழி. ஓசேயா நூலில், 'இரக்கம் பெறாதவள்' என்று பெயரிடப்பட்ட மகள் பின்னர் 'இரக்கம் பெற்றவள்' என்று அழைக்கப்படுகிறாள், அச்சொல்லே ருகாமா. பழைய வீடுகளில் இழைத்த தீங்கை இப்பணி அழித்துவிடாது. ஆனால் மதிலில்லாமலும் அடைக்கலம் தர முடியும் என்பதற்கு இது சான்று.

நம் மறைமாவட்டங்களின் இல்லங்களில் தன்னலமின்றி உழைக்கும் சகோதரிகள் பலர். அவர்களைக் குறைகூற இந்நூல் எழுதப்படவில்லை; இக்கட்டுரையும் எழுதப்படவில்லை. எனினும் சில எளிய கேள்விகளை நாம் ஒவ்வோராண்டும் நமக்கே கேட்டுக்கொள்ளலாம். இங்கே தங்கியிருப்பவரைச் சொந்தப் பெயரால் அழைக்கிறோமா? அவர் விரும்பினால் நாளைக் காலை வெளியேற முடியுமா? இல்லையெனில், அதற்கான காரணமும் காலமும் அவருக்குச் சொல்லப்பட்டுள்ளனவா? தையலோ சமையலோ தோட்ட வேலையோ செய்பவருக்குக் கூலி உண்டா? எங்களைப் பற்றியே அவர் முறையிட வேண்டுமானால் கேட்பதற்கு வெளியாள் ஒருவர் உண்டா? பங்கு மக்கள் ஆண்டுக்கொருமுறை அன்னதானம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், உள்ளே இருப்பவரோடு உட்கார்ந்து பேசுகிறார்களா?

இவற்றுக்கு அஞ்சாமல் விடை சொல்லும் இல்லமே அடைக்கலம். கதவுக்குத் தாழ்ப்பாள் தேவைதான். துரத்தி வருவோரிடமிருந்து காக்கத் தாழ் வேண்டும். அதை உள்ளே இருப்பவரின் கை எட்டுகிறதா என்பதே கேள்வி. கீகனின் கரிக்கிடங்கில் தாழ் வெளியே இருந்தது. அதை நீக்க ஒரு கரி வியாபாரி வர வேண்டியிருந்தது. அவர் வருவதற்கு முன் அந்த வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வைப்பதே இச்சிறு நூல் நமக்குச் செய்யும் பேருதவி.